மட்டக்களப்பில் இரவில் எங்கே போவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லடியில் எங்கள் வீட்டு மேல்மாடியில் மூன்று அறைகளை விருந்தினருக்கு விடுகிறோம். பகலில் யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. கோட்டை எங்கே, வெளிச்ச வீடு எங்கே என்று கையிலிருக்கும் போனே சொல்லிவிடுகிறது. மாலை ஆறரைக்குக் குளித்து, சென்ட் பூசி, விறாந்தைக்கு வந்து நிற்பார்கள். "அக்கா, இனி எங்க போறது?" சென்னைக்காரர், கொழும்பிலிருந்து வேலையாக வருகிறவர், லண்டன் கனடாவிலிருந்து வரும் நம்மவர், எல்லாருக்கும் ஒரே கேள்வி. அதன் பின்னால் வரும் கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றுதான். பதில்களை ஓரிடத்தில் எழுதிவைத்தால் நானும் எட்டு மணிக்குச் சாப்பிட உட்காரலாம். கேள்விகளைக் கேட்டவர் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

மட்டக்களப்புல நைட் லைஃப் இருக்கா இல்லையா? நேரா சொல்லுங்க.

வரிசையாக பார், உள்ளே டிஸ்கோ, வாசலில் கூட்டம் என்று ஒரு தெரு வேண்டுமென்றால், இல்லை. டவுனில் கடைகள் எட்டு, எட்டரைக்கே கதவை இழுத்துவிடும். ஒன்பதரைக்கு மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நின்று பார்த்தால் ஓட்டோக்காரர்களும் நாய்களும்தான் மிச்சம்.

இரவில் சனம் வெளியே இருக்கிற இடம் வேண்டுமென்றால், இருக்கிறது. ஆனால் அது நாளைப் பொறுத்தது. கொழும்பில் எந்த வெள்ளிக்கிழமை போனாலும் அதே கடை, அதே பாட்டு. இங்கே நான் முதலில் கலண்டரைத்தான் பார்ப்பேன். இன்று என்ன திகதி, பிறை எப்படி, எந்தக் கோயிலில் கொடி ஏறியிருக்கிறது, எந்த ஊரில் கூத்து. ஒரு நாள் ஒன்றுமே இருக்காது. அடுத்த நாள் விடிய விடிய ஊர் விழித்திருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யுத்த காலத்தில் ஆறு மணிக்குள் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். கிழக்கில் சண்டை 2007இலும் நாடு முழுக்க 2009இலும் ஓய்ந்தது. பழக்கம் ஓயவில்லை. பத்து மணிக்கு மேல் வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றால் எனக்கு இன்றைக்கும் காது கூர்மையாகிவிடும். ஊர் சீக்கிரம் அடங்குவதில் அந்தப் பழக்கத்துக்கும் பங்குண்டு என்பது என் எண்ணம்.

மேப்புல பக்கத்துலயே 'டச் பார்'னு காட்டுது. எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும்?

இருபத்துநாலு மணி நேரமும். ஆனால் குடிக்க ஒன்றும் கிடைக்காது. வாவி கடலோடு சேருகிற முகத்துவாரத்தில் மணல் திட்டுப் போடுமே, அந்த மணல் திட்டுக்குத்தான் இங்கிலீஷில் 'பார்' என்று பெயர். டச்பார் கடற்கரையோரக் கிராமம். வாவிக்கு அந்தப் பக்கம், டவுனிலிருந்து வெளிச்ச வீட்டுக்குப் போகிற 'பார் வீதி'யும் அப்படித்தான். அதன் முடிவில் பாலமீன்மடுவில் 1913இல் கட்டிய வெளிச்ச வீடு நிற்கிறது. சிரிக்காதீர்கள், சேர்ட் அயர்ன் பண்ணிக்கொண்டு கிளம்பிய நாலு பேரை நானே கேற்றடியில் மறித்திருக்கிறேன்.

போய்ப் பார்க்க வேண்டிய இடம்தான், ஆனால் இருட்டுவதற்கு முன். டச்பார், திருச்செந்தூர், நாவலடி எல்லாம் 2004 சுனாமி வாரிக்கொண்டு போன கரை. டச்பாரில் ஐரோப்பியர் வழிவந்த பறங்கியர் குடும்பங்கள் பல இருந்தன, அவர்களில் பலர் அன்றைக்குப் போய்விட்டார்கள். இரவில் அங்கே ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு கூத்தடிப்பது நன்றாக இருக்காது.

சரி, ஒரு பியர் குடிக்கணும்னா எங்க போறது?

இதை என் வீட்டுக்காரரிடம் கேட்டு எழுதுகிறேன். டவுனில் சில ஹோட்டல்களில் பார் உண்டு. அங்கே போய் உட்கார்ந்து ஒன்றிரண்டு குடித்துவிட்டு வரலாம், பெரிய கலகலப்பை எதிர்பார்க்க வேண்டாம். வைன் ஸ்டோர்ஸ் என்பவை வாங்கிக்கொண்டு போகிற கடைகள். நேரத்தோடே பூட்டிவிடுவார்கள், அதனால் மாலையிலேயே வாங்கிவிடுவது நல்லது. கள்ளுத் தவறணைகளும் உண்டு, அவை பகல் வியாபாரம். கசிப்பு என்று யாராவது போத்தலை நீட்டினால் கையால்கூடத் தொடாதீர்கள். களவாகக் காய்ச்சுவது, உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது.

கடலைப் பார்த்தபடி, மங்கிய வெளிச்சத்தில், கலர் கலராகக் கிளாஸில் வேண்டுமென்றால் பாசிக்குடாவுக்குப் போக வேண்டும். இங்கிருந்து வடக்கே 35 கிலோமீட்டர் அளவில், வாழைச்சேனைக்குக் கிட்ட. யுத்தம் முடிந்த பிறகு வரிசையாகப் பெரிய ஹோட்டல்கள் வந்துவிட்டன. விலையும் அதற்கேற்றபடி. அங்கே குடிப்பதென்றால் அங்கேயே தங்குங்கள். குடித்துவிட்டு அந்த ரோட்டில் ஓடி வருவதற்கு நான் வழி சொல்ல மாட்டேன்.

இலங்கையில் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கக் கூடாது. பொது இடத்தில் குடிப்பதும் குற்றம். கல்லடிக் கடற்கரையும் பொது இடம்தான், காந்தி பூங்காவும் பொது இடம்தான். "ஓரமா இருந்து குடிச்சா?" என்று கேட்பவர்களுக்கும் அதே பதில்.

நாங்க வர்ற அன்னிக்குப் போயாவாம். எல்லாம் பூட்டியிருக்குமாமே, டிக்கெட்டை மாத்திடவா?

மாற்றவே மாற்றாதீர்கள். போயா என்றால் பௌர்ணமி. மாதம் ஒரு தடவை வரும், நாடு முழுக்க லீவு, மது விற்பனை கிடையாது. வெசாக் என்றால் இரண்டு நாள். ஹோட்டல் பாரும் பூட்டுத்தான்.

ஆனால் இந்த ஊரில் ஒரு நல்ல இரவுக்கு நான் நாள் பார்த்துக் கொடுத்தால் பௌர்ணமியைத்தான் கொடுப்பேன். வாவியில் மீன் பாட்டுக் கேட்கிறது என்று போகிறவர்கள் அன்றுதான் போகிறார்கள். கண்ணகி அம்மன் குளிர்த்தி வைகாசிப் பூரணையை ஒட்டித்தான் வருகிறது. பார் பூட்டுகிற அதே இரவில்தான் ஊர் திறக்கிறது. இரண்டையும் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

மீன் பாடுறது நிசமா, இல்ல டூரிஸ்ட்டுக்குச் சொல்ற கதையா?

சத்தம் நிசம். யார் பாடுகிறார் என்பதில்தான் வழக்கு. இலங்கையில் பெரிய உத்தியோகத்தில் இருந்த எமர்சன் டெனன்ட் என்ற வெள்ளைக்காரர் 1848 செப்டம்பரில் இங்கே வந்து, நிலவில் தோணியில் போய்க் கேட்டிருக்கிறார். வைன் கிளாஸின் விளிம்பை ஈர விரலால் தேய்த்தால் வருமே, அந்த மாதிரி மெல்லிய நாதம் என்று எழுதிவைத்தார். அவரை அழைத்துப் போன மீனவர்கள் அது மீன் இல்லை, ஊரி என்கிற சிப்பி வகை என்றார்களாம். இன்றைக்கும் அப்படிச் சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். நீர்மகளிர் பாடுகிறார்கள் என்பது விபுலானந்த அடிகள் பக்கம். காரைதீவில் பிறந்து கல்லடியில் பள்ளிக்கூடம் நடத்திய அவர், 1947இல் வந்த யாழ் நூலில் இந்த வாவி இசையை நீரரமகளிரின் பாட்டாகவே எழுதினார். பின்னாளில் லாங் என்ற அமெரிக்கப் பாதிரியார் தண்ணீருக்குள் கருவியை இறக்கி ஒலிப்பதிவும் செய்தார்.

கேட்கிற முறை இதுதான். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை வாவி அமைதியாக இருக்கும் காலம். நிலா ஏறி ஒன்பது, பத்து மணிக்குப் பழைய கல்லடிப் பாலத்தை ஒட்டித் தோணியில் போக வேண்டும். இஞ்சினை நிற்பாட்டி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் இறக்கி, மறு முனையில் காதை வைக்க வேண்டும். நான் ஆறேழு தடவை போயிருப்பேன், இரண்டு தடவைதான் கேட்டது. முதல் தடவை தோணிக்காரப் பெரியவர் "பேசாம காதை வை மனே" என்று என்னை அதட்டிய பிறகுதான் கேட்டது. தம்பூராவின் ஒரு நரம்பை யாரோ தூரத்தில் தொட்டுத் தொட்டு விடுவது போல. அடுத்த தடவை தவளைச் சத்தம் மாதிரிதான் இருந்தது, உண்மையைச் சொல்ல வேண்டும்.

பழைய பாலம் 1924இல் கட்டிய இரும்புப் பாலம், லேடி மனிங் பாலம் என்று பெயர். 2013இல் பக்கத்தில் புதிய பாலம் திறந்த பிறகு கனரக வாகனம் எல்லாம் அதில் ஓடுகிறது, அந்த அதிர்வு தண்ணீருக்குள்ளும் போகும். ஆகையால் கேட்காவிட்டால் தோணிக்காரரோடு சண்டை பிடிக்க வேண்டாம். மிதவை அங்கி கேட்டு வாங்கிப் போடுங்கள். தண்ணீரில் காலை விட்டு ஆட்டாதீர்கள், வாவியில் முதலை உண்டு. ஆட்களைப் பயமுறுத்தச் சொல்லும் பேச்சில்லை இது.

ஜாஸ் மாதிரி லைவ் மியூசிக் ஏதாவது?

ஜாஸ் இல்லை. அதற்குக் கொழும்பு ஹோட்டல்கள்தான். அமெரிக்க அரசு அனுப்பிய சுற்றுப்பயணங்களில் 1958இல் டேவ் புரூபெக்கும் 1963இல் டியூக் எலிங்டனும் கொழும்புக்கு வந்து வாசித்த நாடு இது, அங்கே அந்தப் பழக்கம் ஏதோ ஒரு வடிவில் தொடர்கிறது.

ஆனால் ஒரு வேடிக்கையான தொடர்பு உண்டு. ஜாஸ் பிறந்த நியூ ஓர்லியன்ஸின் பெயரில் அப்போது இயங்கிய இயேசு சபை மாகாணத்திலிருந்துதான் அமெரிக்கப் பாதிரிமார் இங்கே வந்து புனித மிக்கேல் கல்லூரியில் கற்பித்தார்கள். டவுனிலுள்ள வெபர் மைதானம் அவர்களில் ஒருவரின் பெயர். அவர்கள் எங்களுக்கு நன்றாகக் கூடைப்பந்து பழக்கினார்கள். ட்ரம்பெட்டை ஏன் பழக்கவில்லை என்று எனக்கு ஒரு மனக்குறை.

இங்கே கேட்க வேண்டிய வெளிநாட்டு வாடை உள்ள இசை என்றால் பறங்கியரின் கஃப்ரிஞ்ஞாதான். போர்த்துக்கேயர் 1638இல் கோட்டையை ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். அவர்கள் வழிவந்த பறங்கியர் இன்றும் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியை வீட்டுக்குள் வைத்திருக்கிறார்கள், முக்கியமாக முதியவர்கள். வயலினும் கித்தாரும் கைப்பறையுமாக, ஜோடி ஜோடியாக ஆடுவார்கள். நாடு முழுக்க ஆடுகிற பைலாவுக்கு மூலம் இதுதான். கடையில் கிடைக்காது; கலியாணத்துக்கோ நத்தார் (கிறிஸ்மஸ்) காலத்து ஒன்றுகூடலுக்கோ ஒரு பறங்கி வீட்டார் அழைத்தால் மற்ற எல்லாத் திட்டத்தையும் தள்ளிவைத்துவிட்டுப் போங்கள்.

சினிமாப் பாட்டு இசைக்குழு பற்றியும் கேட்பார்கள். திருவிழாக் காலத்தில் கோயில் வீதிகளில் போதும் போதும் என்னுமளவுக்கு உண்டு. அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

கூத்து ராத்திரி முழுக்க நடக்குமாமே. டிக்கெட் எவ்வளவு? எப்படி புக் பண்றது?

டிக்கெட்டும் இல்லை, புக்கிங்கும் இல்லை. பாயும் போர்வையும் கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். பெரும்போக நெல் வெட்டு முடிந்து வயல்காரர் கை ஓய்ந்த காலத்தில், படுவான்கரைக் கிராமங்களில் கூடுதலாக நடக்கும். படுவான்கரை என்றால் வாவிக்கு மேற்குப் பக்கம், சூரியன் படுகிற கரை. நாங்கள் இருப்பது எழுவான்கரை. எங்கே எப்போது என்பது போனில் கிடைக்காது. தேநீர்க் கடையிலும் ஓட்டோக்காரரிடமும்தான் கேட்க வேண்டும், அல்லது என்னிடம்.

வெளியில் வட்டமாக மண் உயர்த்தி, சுற்றிக் கம்பு நட்டுச் சீலை கட்டியிருக்கும். அதுதான் களரி. நாலு பக்கமும் சனம். நடுவில் கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார், பக்கத்தில் சல்லரி என்கிற தாளம் போடுகிறவர், பின்பாட்டுக்காரர். வடமோடி என்றால் பெரும்பாலும் பாரதச் சண்டை, கிரீடமும் கூடை போல விரிந்த கரப்புடுப்பும் போட்டு மிதிப்பார்கள். தென்மோடி என்றால் காதல் கதை, பாட்டு இழைந்து வரும், வரவுத் தாளங்கள் நுணுக்கமாக இருக்கும். ஆடுகிறவர்கள் ஊர் வேளாண்மைக்காரர், மேசன், வாத்தியார். மாதக்கணக்கில் பழகி, சதங்கை அணிவித்து, பிறகுதான் அரங்கேற்றம்.

ஜாஸ் தேடி வந்த ஒருவரைப் போன வருடம் ஒரு வடமோடிக்கு அனுப்பினேன். ஒன்பது மணிக்குப் போய் ஒன்றும் தொடங்கவில்லை என்று எனக்குக் கோபமாகப் போன் பண்ணினார். அதிகாலை ஐந்தரைக்கு, வேட்டியில் மண்ணோடு வந்து இறங்கினார். அண்ணாவியார் மத்தளத்தில் ஒன்றைச் சொல்ல, ஆட்டக்காரர் காலால் அதற்குப் பதில் சொல்ல, இவர் ஒன்றைக் கூட்ட, அவர் அதைத் திருப்பிக் கொடுக்க, கதையே புரியாமல் விடிய விடியப் பார்த்தாராம். சாமம் திரும்பிய பிறகுதான் ஆட்டம் சூடேறும். அதற்கு முன் ஒரு தூக்கம் போட்டாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

முழு இரவு முடியாது என்பவர்களுக்கு இரண்டு மணி நேரச் சுருக்கக் கூத்தும் உண்டு. பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் தொடங்கிவைத்து, இவ்வூர்ப் பேராசிரியர் மௌனகுரு போன்றவர்கள் வளர்த்த வழி அது. கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் மாணவர் மேடையேற்றம் இருந்தால் விட்டுவிடாதீர்கள். நன்றாகவே இருக்கும். களரி மண்ணில் உட்கார்ந்து பார்ப்பது வேறு.

கோயில் சடங்குக்கெல்லாம் வெளியாள் போலாமா? திட்டமாட்டாங்களா?

போகலாம். செருப்பை வெளியே விட்டு, உடலை மூடி உடுத்து, மச்சம் மாமிசமும் மதுவும் தொடாத நாளாகப் பார்த்துப் போனால் போதும். படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள், தெய்வம் ஏறி ஆடுகிறவர் முகத்துக்கு நேரே போனைப் பிடிக்காதீர்கள்.

வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து ஏழெட்டு நாள் சடங்கு. கடைசி இரவு குளிர்த்தி. மதுரையை எரித்துவிட்டு வந்த அம்மனின் சூட்டைத் தணிக்கிறார்கள். பறைமேளம் ஒரு பக்கம், உடுக்கோடு காவியம் ஒரு பக்கம், சாமத்தில் ஊரே வெள்ளமாக நிற்கும். ஆடி அமாவாசைக்கு முந்திய பத்து நாளும் அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் திருவிழா: வளையல் கடை, கச்சான் கடை, ஐஸ்கிரீம். அம்பாறைப் பக்கம் போகிறவர்களுக்கு இரண்டு. பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயில் தீ மிதிப்பு, புரட்டாசியை ஒட்டி வரும். கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்று விழா, பன்னிரண்டு நாள், றபான் மேளமும் பக்கீர்மாரும் இனிப்புக் கடைகளுமாகக் கடற்கரை முழுக்க வெளிச்சம். பிந்தியது முஸ்லிம் மாதக் கணக்கு, ஒவ்வொரு வருடமும் முன்னே நகரும்.

பத்து மணிக்கு மேல பசிச்சா சாப்பிட ஏதாவது கிடைக்குமா?

கொத்துக் கடைதான். கொத்து ரொட்டியே மட்டக்களப்பில்தான் பிறந்தது என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள், எனக்கும் அதை மறுக்க மனமில்லை. பராட்டா, முட்டை, இறைச்சிக் கறி, கல்லில் டங்கு டங்கு என்று. காரம் குறைக்கச் சொல்வதென்றால் கல்லில் போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

டவுன் அடங்கிவிட்டால் ஓட்டோ பிடித்துக் காத்தான்குடிக்குப் போங்கள், ஐந்தாறு கிலோமீட்டர்தான். நோன்பு மாதத்தில் இந்தப் பக்கத்தின் மிகக் கலகலப்பான இரவு அதுதான். தராவீஹ் தொழுகை முடிந்து சனம் வெளியே வந்ததும் துணிக்கடை, சாப்பாட்டுக்கடை எல்லாம் நடுச்சாமம் தாண்டியும் நிரம்பி வழியும். முஸ்லிம் ஊர். குடித்துவிட்டு அங்கே போகாதீர்கள், அரைக் காற்சட்டையோடும் போகாதீர்கள்.

அறுகம்பேல பார்ட்டி பெரிசா நடக்குதாமே. இங்கிருந்து ஒரே ராத்திரில போய்ட்டு வந்துடலாமா?

முடியாது. அறுகம்பேயை ஒட்டிய பொத்துவில் இங்கிருந்து ஏறக்குறைய 110 கிலோமீட்டர். போக முடியும், திரும்பிவருவதுதான் பிரச்சினை. குறைந்தது இரண்டு இரவு அங்கேயே தங்குங்கள்.

நீங்கள் கேட்கிற 'பார் தெரு'வுக்குக் கிழக்கில் கிட்டத்தட்டப் பொருந்துகிற ஒரே இடம் அதுதான். ஏப்ரல் கடைசியிலிருந்து ஒக்டோபர் வரை அலைச்சறுக்குக் காலம், உலகம் முழுக்க இருந்து வெள்ளைக்காரப் பிள்ளைகள் வந்து குவிவார்கள். ஒரே ஒரு நீட்டு ரோட்டு, இரண்டு பக்கமும் கபே, பார், மணலில் டிஜே. இன்றைக்கு எந்தக் கடையின் முறை என்று அங்கே போய்க் கேட்டால்தான் தெரியும். நவம்பரில் போனால் பாதிக் கடை பூட்டியிருக்கும். சீசனிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும், உல்லையில் (அறுகம்பேக்கு ஊரார் சொல்லும் பெயர்) ஊர்ச்சனம் பெரும்பாலும் முஸ்லிம்கள், பின் ஒழுங்கைகளில் வீடுகளும் பள்ளிவாசலும் உண்டு. கடற்கரை உடுப்பைக் கடற்கரையோடு விடுங்கள். 2024 ஒக்டோபரில் அமெரிக்கத் தூதரகம் தன் நாட்டவரை அங்கே போக வேண்டாம் என்று எச்சரித்தது நினைவிருக்கும். சோதனைச் சாவடியில் அடையாள அட்டை கேட்டால் கோபிக்காமல் காட்டுங்கள்.

ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்பவர்களுக்கு: பானமைப் பக்கமும் லாகுகலைப் பக்கமும் இரவில் யானை ரோட்டுக்கு வரும். விளக்கு இல்லாத ரோட்டில் கறுப்பு யானையைப் பத்தடிக்குக் கிட்டப் போன பிறகுதான் காண்பீர்கள். குடித்திருந்தால் அப்போதும் காண மாட்டீர்கள்.

நாங்க ரெண்டு பொண்ணுங்க மட்டும்தான் வர்றோம். ராத்திரி வெளிய போறது சேஃபா?

இதற்கு நான் இடத்தை வைத்துத்தான் பதில் சொல்வேன். கோயிலும் கூத்துக் களரியும் விடியும் வரைக்கும் பயமில்லை, கிழவிகளும் பிள்ளைகளும் பாயோடு உட்கார்ந்திருக்கும் இடம். அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள், வெற்றிலையும் கிடைக்கும், துருவித் துருவிக் கேள்வியும் கிடைக்கும். கல்லடிக் கடற்கரை எட்டு மணி வரை குடும்பங்களோடு கலகலப்பு, இறால் வடை சாப்பிடலாம். ஒன்பதுக்கு மேல் வேண்டாம். பழைய பாலத்தில் நடப்பதும் அப்படித்தான். பார் என்றால் நீங்கள் தங்கியிருக்கும் ஹோட்டலின் பார் மட்டும்.

வைன் ஸ்டோர்ஸில் பெண்ணுக்கு விற்க மறுத்தால் அது கடைக்காரரின் குணம் என்று நினைக்க வேண்டாம். பெண்களுக்கு மது விற்கக் கூடாதென்று 1979இல் ஒரு விதி வந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சு அதை நீக்கியது, சில நாட்களிலேயே ஜனாதிபதி சிறிசேன திரும்பக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். ஹோட்டல்களில் பெரிதாக யாரும் பார்ப்பதில்லை. எனக்கு அதில் ஒரு கருத்து உண்டு, குடிக்காதவளாக இருந்தாலும்.

திரும்பி வருவதற்கு ஓட்டோவைப் போகும்போதே பேசிவிடுங்கள், போன் நம்பரையும் வாங்கிவையுங்கள். பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, சுற்றுலாப் பயணிகளுக்கு 1912.

பத்து மணிக்கு மேல ஸ்பீக்கர் போடக்கூடாதுன்னு சட்டமாம். அப்ப கோயில்ல மட்டும் எப்படி விடிய விடிய?

கேட்ட தம்பி மொட்டைமாடியில் பாட்டுப் போட்டு நான் நிற்பாட்டியவர். 2007இல் உயர் நீதிமன்றம் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி அனுமதி கொடுக்கக் கூடாதென்று உத்தரவிட்டது உண்மைதான். விசேட விழாக்களுக்கு விலக்கு உண்டு, பொலிஸ் அனுமதி எடுத்துத்தான் செய்ய வேண்டும். நீங்கள் கொண்டுவந்த ஸ்பீக்கர் விசேட விழாவில் சேராது. மேலும், பழைய முறைக் கூத்துக்கு மைக்கே தேவையில்லை. அண்ணாவியாரின் தொண்டை போதும்.

மகன் கனடாவிலிருந்து வாறான், 19 வயசு. அங்க குடிக்கலாமாம், இங்கயும் கேக்கிறான். என்ன சொல்ல?

ஒன்ராறியோவில் 19 போதும், இங்கே 21. மேலே சொன்ன சட்டம் கனடா பாஸ்போர்ட்டுக்கும் பொருந்தும். அவனுக்கு இங்கே பொழுது போகாது என்று நீங்கள் கவலைப்படுகிறீர்கள். மாமன் மச்சான்மாரோடு ஓர் இரவு வாவியில் வலை போட அனுப்பிவையுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்த அப்படியொரு பையன் ஐந்து மணிக்கு ஒரு கூடை இறாலோடு வந்து, அதைச் சமைக்கச் சொல்லி என்னை எழுப்பினான்.

டிசம்பர்ல வந்தா?

மழை. நவம்பரிலிருந்து ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை, சில வருடம் வெள்ளம். தோணி இல்லை, களரி இல்லை, அறுகம்பே இல்லை. நத்தார் உண்டு, பறங்கியர் வீட்டுப் பாட்டு உண்டு. சொந்தக்காரர் இருந்தால் வாருங்கள்.

ஒரே ஒரு ராத்திரிதான் இருக்கு. நாளைக்குக் காலைல கிளம்பணும். என்ன செய்யட்டும்?

ஆறு மணிக்குப் பழைய பாலத்தில் நடந்து போங்கள், மீன்பிடிக்கிறவர்கள் தூண்டிலோடு நிற்பார்கள். இருட்டியதும் கடற்கரை, பிறகு கொத்து. நிலவு இருந்தால் ஒன்பதரைக்குத் தோணி, நான் சொல்லிவைக்கிறேன். எங்காவது கூத்தோ சடங்கோ இருந்தால் தோணியை விட்டுவிட்டு அங்கே போங்கள். ஒன்றுமே இல்லாத நாள் என்றால் மேல்மாடியில் கதிரை போட்டிருக்கிறது, காற்று நன்றாக வரும், எருமைத் தயிரும் பாணியும் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிறது.

பதினொன்றுக்கு மேல் வந்தால் மணி அடிக்க வேண்டாம். கேற் திறப்பை உங்களிடமே தந்துவிடுவேன். நாய் குரைக்கும், கடிக்காது.